வைஃபை இல்லாத கேமரா

மூன்று வருடங்களுக்கு முன், குறுவை அறுவடை முடிந்த சமயம். தஞ்சாவூரில் ஒரு கேமரா கடையில் ஒன்றரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஊர் மன்னார்குடி பக்கம். கம்ப்யூட்டர் சென்டர் வேலையை விட்டுவிட்டு, இனி போட்டோ எடுத்துப் பிழைக்கப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்திருந்தேன். முதல் வேலையும் கிடைத்துவிட்டது. கல்லூரித் தோழிக்குக் கூத்தாநல்லூரில் கல்யாணம். முஸ்லிம் வீட்டுக் கல்யாணம், பெண்கள் மண்டபத்துக்குள் ஆண்கள் வரமாட்டார்கள் என்பதால் என்னைக் கூப்பிட்டிருந்தாள். அதில் சொதப்பினால் "அப்பவே சொன்னோமே" என்று சொல்ல வீட்டில் நாலு பேர் தயாராக இருந்தார்கள்.

மேஜையில் இரண்டு டிஎஸ்எல்ஆர் கேமராக்கள், இரண்டுமே தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் வாங்குவது. படத்தின் தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று கடைக்காரரே சொன்னார். ஒன்று கொஞ்சம் பழைய மாடல், கையில் பிடிக்க வாகாக இருந்தது. மற்றதில் வைஃபை உண்டு; எடுத்த படம் அடுத்த நிமிடமே போனுக்குப் போய்விடும். என் மனசு எதில் விழுந்தது என்று சொல்லவேண்டியதில்லை.

சர்வீஸுக்குக் கொடுத்திருந்த கேமராவை வாங்க வந்த ஒரு பெண் பக்கத்தில் நின்றார். பர்தா அணிந்திருந்தார், என் வயதுதான் இருக்கும். எங்கே எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். தனக்கும் கூத்தாநல்லூர்தான், பெண்கள் பக்கம் போட்டோ எடுப்பதுதான் தொழில் என்றவர், "அங்கன்னா வைஃபை இல்லாததையே எடுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் தொழிலுக்குப் போட்டியாக அவர் ஊருக்கே வருகிறேன், அதனால் மட்டமானதை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வைஃபை உள்ளதற்கே பில் போடச் சொன்னேன்.

கல்யாணத்தன்று மண்டபத்துக்குச் சீக்கிரமே போய்விட்டேன். வாசலில் மேஜை போட்டு, வருகிற பெண்களின் போன்களையெல்லாம் டோக்கன் கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தும் என் மண்டையில் உறைக்கவில்லை பாருங்கள். போட்டோகிராபர் என்பதால் என் போனை மட்டும் விட்டிருந்தார்கள். தோழியின் அம்மாவிடம் பெருமையாக, மேடையை ஒரு படம் எடுத்து, அதை அப்படியே என் போனில் வரவழைத்துக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்களை நம்பாம இல்ல. ஆனா இது உள்ள வேணாம். பர்தா இல்லாம இருக்கிற பொம்பளைங்க படம் போன் வழியா வெளிய போயிடக் கூடாது."

வைஃபையை அணைத்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். அணைத்தேனா இல்லையா என்று வந்திருக்கிற அத்தனை பெண்களுக்கும் அவர் எப்படிச் சொல்வார்? அவர் மேல் தப்பே இல்லை. ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்னும் ஒரு மணி நேரத்தில் தோழியை மேடைக்கு அழைத்து வந்துவிடுவார்கள். என்னை நம்பியவளுக்கு அவள் கல்யாணத்தில் ஒரு நல்ல படம்கூட இருக்காது என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் கடையில் பார்த்த அதே பெண் விருந்தாளியாக உள்ளே வந்தார். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தமாம். நிம்மதியாக பிரியாணி சாப்பிடவேண்டும் என்பதற்காகச் சொந்தத்தில் மட்டும் கேமராவைத் தொடுவதில்லையாம். என்னைப் பார்த்தார், என் மடியில் இருந்ததைப் பார்த்தார். நான்தான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை வரவில்லை. தோழியின் அம்மாவிடம் ஏதோ பேசினார். இரண்டு தெரு தள்ளியிருந்த தன் வீட்டுக்கு வேகுவேகென்று நடந்து போய், தன் கேமராவை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

"இது எங்க ஊருப் பொம்பளைங்களுக்கெல்லாம் தெரிஞ்ச கேமரா. இதுல வைஃபை கிடையாது. முடிஞ்சதும் கார்டை அம்மாகிட்டயே கொடுத்துடுங்க. நீங்க எடுங்க."

அவரே எடுத்திருக்கலாம். ஊரில் அவர் பேர் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும். ஆனால் என் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். பொத்தான்கள் இடம் மாறியிருந்ததில் நான் தடுமாறியபோதெல்லாம் எழுந்து வந்தார். பாவம், அவருக்குக் கடைசிப் பந்தியில்தான் சாப்பாடு கிடைத்தது.

கார்டைத் தோழியின் அம்மா கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, கடையில் அந்தப் பெண்ணைத் தப்பாக நினைத்ததை அவரிடமே சொல்லிவிட்டேன். "அதான் உங்க மூஞ்சியிலயே தெரிஞ்சுச்சே" என்று சிரித்தார்.

இன்று கூத்தாநல்லூரிலிருந்து எனக்கு வருகிற அழைப்புகளில் பாதி அவர் சொல்லி வருபவை. அன்று அவர் பேசாமல் ஓர் ஓரமாக இருந்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். யாரைப் போட்டி என்று பயந்தேனோ அவர் தந்த தொழிலைத்தான் இன்றும் செய்துகொண்டிருக்கிறேன் என்பதை நன்றியோடும் கொஞ்சம் வெட்கத்தோடும் நினைத்துக்கொள்கிறேன்.