அடாப்டரும் பதினொரு முழங்கால் புகார்களும்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மனிதருக்கு அடாப்டர் என்று பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை. பொருத்தம் பார்த்து வைத்த பெயர். சின்ன வயதில் அவருடைய அப்பாவும் அம்மாவும் நான்கு வருடம் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் நின்றது இவர்தான். "அந்த மனுஷன்கிட்ட தொலைஞ்சு போகச் சொல்லு" என்று அம்மா சொன்னால், அப்பாவிடம் போய், "கொஞ்சம் வெளியில காத்தாட நடந்துட்டு வருவீங்களாம்" என்பார். அப்படிப் பேசியே குடும்பத்தைக் காப்பாற்றினார். அதற்கு மேல் தனியாக ஒரு படிப்பு தேவைப்படவில்லை.

வேலை வாங்கிக் கொடுத்தது சித்தி. அதே கம்பெனியில் புகார்ப் பிரிவு அவர் கையில். சித்தியிடம் கிழட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. அதற்குத் தெரிந்த மெயில் முறை பாப் ஒன்றுதான். தபாலாபீசுக்குப் போய்க் கடிதங்களை அள்ளிக்கொண்டு வருவது மாதிரி. அள்ளிய பிறகு அங்கே ஒன்றும் இருக்காது. வந்த மெயிலை சித்தி அச்செடுப்பார், எண் முத்திரை குத்துவார், மேசைக் கம்பியில் செருகுவார், கால் மணி நேரத்தில் மெக்கானிக்கை அனுப்புவார். யார் அனுப்பியது என்று பார்ப்பதே இல்லை. புகாரும் முகவரியும் போதும். ஒரே முகவரியிலிருந்து மூன்றுக்கு மேல் வந்தால் தலைமை மெக்கானிக்கே கருவிப் பெட்டியோடு போக வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

ஆறு மாதத்துக்கு முன் வந்த மேனேஜர், அந்த வாரத் தொடக்கத்தில் கம்பெனியின் மெயிலைப் புது இடத்துக்கு மாற்றினார். அங்கே ஐமேப் மட்டும்தான். கடிதங்கள் அங்கேயே இருக்கும், எல்லாரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். "எல்லாரும் பார்த்தா ஒருத்தரும் செய்ய மாட்டாங்க" என்றார் சித்தி. மேனேஜர் வாதாடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சித்தியின் மெஷினில் மெயில் வராவிட்டால் மெஷின் குப்பைக்கு, சித்தி தரைத்தள ஸ்டோர் ரூமுக்கு என்றார். அந்த அறைக்கு அவசரமாக வெள்ளையும் அடித்துவிட்டார்கள்.

"டேய், நான் போல்ட்டுக்குக் காவல் உட்காரணுமா?" என்று நடு ஹாலில் நின்று கேட்டார் சித்தி.

"ரெண்டு நாள் குடுங்க சித்தி."

"உங்கப்பனையும் உங்கம்மாவையும் சமாளிச்சவன்தானே. ரெண்டு மெஷினைப் பேச வைக்க மாட்டியா?"

அடாப்டர் இருநூறு வரியில் ஒரு குட்டி சர்வர் புரோகிராம் எழுதி, பழைய லேப்டாப் ஒன்றில் ஏற்றி, சித்தியின் மேசைக்கடியில் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். அது இந்தப் பக்கம் பாப் பேசும், அந்தப் பக்கம் ஐமேப் பேசும். "அதை அழித்துவிடு" என்று சித்தியின் மெஷின் சொன்னால், "அழித்தாயிற்று" என்று பவ்வியமாகச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் போய் 'படித்தாயிற்று' என்று மட்டும் குறித்து வைக்கும். எழுதியவரைப் போலவே.

ஒரே ஒரு சிக்கல். ஐமேப்பில் மெயில்கள் பல உறைகளில், அதாவது ஃபோல்டர்களில், கிடக்கும். பாப்புக்குத் தெரிந்தது ஒரே பெட்டி. எந்த உறையை விடுவது? ஒரு மெயில் தவறினாலும் சித்தி தோலை உரித்துவிடுவார் என்று பயந்து, எல்லா உறைகளையும் ஒரே பெட்டியில் கொட்டிவிட்டார் அடாப்டர். கம்பெனி முழுவதற்கும் ஒரே கணக்கு. மேனேஜர் உட்பட எல்லாரும் எழுதிவிட்டு அனுப்பாமல் வைத்திருக்கும் கடிதங்களுக்கென்று, யாரும் திறந்து பார்க்காத ஓர் உறை இருப்பது அந்தப் பயத்தில் நினைவுக்கு வரவில்லை.

வியாழன் காலை பத்து மணிக்கு சித்தியின் மெஷின் முனகிக்கொண்டே மெயில் இறக்கியது. சித்தி முத்திரையை எடுத்தார். பத்தரைக்குத் தலைமை மெக்கானிக் பெட்டியோடும், துணைக்கு இரண்டு பேரோடும் மேனேஜர் அறைக்குள் நுழைந்தார்.

"சார், இந்த அட்ரஸ்லேருந்து பதினோரு புகார் வந்திருக்கு."

"என்ன புகார்?"

மெக்கானிக் காகிதத்தைத் தூக்கிப் பிடித்துப் படித்தார். "லிஃப்ட் கதவு மூடினதும் முழங்கால் நடுங்குது. தினமும் மூணு மாடி படியில ஏறுறேன், உடற்பயிற்சின்னு பொய் சொல்றேன். தயவுசெய்து எனக்குத் தரைத்தளத்துல ஒரு அறை தரணும்." பிறகு மரியாதையாகக் கேட்டார். "முழங்கால் எங்க லிஸ்ட்ல இல்லையே சார். கதவை வேணா பார்க்கட்டுமா?"

மேனேஜர் எழுந்து நேராக சித்தியிடம் வந்தார். மூவரும் பெட்டியோடு பின்னாலேயே வந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது எப்படிம்மா உங்களுக்கு வந்துச்சு? தலைமை ஆபீசுக்கு எழுதினது. பதினோரு தடவை எழுதியும் நான் இன்னும் அனுப்பவே இல்லை."

"அனுப்பாம எப்படி சார் வரும்?"

மேசைக்கடியில் லேப்டாப்பைத் தடவிக்கொண்டிருந்த அடாப்டருக்கு விஷயம் விளங்கி, தலை பலகையில் இடித்தது. வெளியே வரவில்லை. அங்கேயே நல்ல காற்று வருவது போல இருந்துவிட்டார்.

"சார், என்கிட்ட வந்த புகார் முடியாம நின்னதில்ல" என்றார் சித்தி. "கீழ ஒரு ரூம் வெள்ளையடிச்சு காலியா இருக்கு. எனக்கு அது ரொம்பப் பெரிசு."

மேனேஜர் லிஃப்டைப் பார்த்தார். படியைப் பார்த்தார். "வெளியில யாருக்கும்..."

"கம்பியில குத்தியாச்சு சார். அதிலேருந்து காகிதம் எங்கேயும் போகாது. இவங்க மூணு பேரும் கதவைத்தான் பார்க்க வந்தாங்க."

மூன்று பேரும் உடனே கதவைப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை மேனேஜரின் மேசை லிஃப்டில் இறங்கியது. மேனேஜர் படியில் இறங்கினார், கடைசி முறையாக, விசிலடித்துக்கொண்டு. சித்தியின் மெஷின் இருந்த இடத்திலேயே இருந்தது. அடாப்டர் அவசரமாக அந்த உறையை மட்டும் விலக்கினார். ஆனால் கம்பியில் இன்னொரு காகிதம் இருந்தது. புதன்கிழமை சோதனைக்காக அவரே அந்தப் பெட்டியில் தட்டி வைத்து, அனுப்பாமல் மறந்தது: "சித்தி ஆபீசில் எல்லார் எதிரிலும் என்னை டேய் என்று கூப்பிடுவதை நிறுத்த வேண்டும்."

சித்தி அதிலும் முத்திரை குத்தியிருந்தார். சாயங்காலம் எல்லாரும் கிளம்பும் நேரத்தில் காகிதத்தைக் கையில் எடுத்து, நடு ஹாலில், மிகவும் மரியாதையாக அறிவித்தார்.

"அடாப்டர் சார், உங்க புகாரைக் கவனிச்சு முடிச்சாச்சு."

அடாப்டருக்கு உச்சி குளிர்ந்தது.

"அந்த லேப்டாப்புக்குப் பின்னாடி என் செருப்பு கிடக்கு. எடுத்துக் குடுடா."