உறவுக்காரன் இறங்கக் கூடாது

கோபக்காரன் என்று லைன் வீடுகளில் எனக்குப் பெயர். அது பொய்யில்லை. ஊரிகம் தங்கச் சுரங்கத்தில், கீழே இறங்கும் ஷாப்ட் வாயில் நான் மேஸ்திரியாக இருந்த நாளில், கீழே கல் சரிந்தது என்று சேதி வந்தால் போதும், மேலே இருக்கிறவன் எல்லாம் ஆள் இறங்குகிற இரும்புக் கூண்டான கேஜுக்குள் பாய்வான். எல்லாரும் வேலூர்ப் பக்கத்து ஆட்கள், ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். ஆறு பேர் போகும் கேஜில் பதினைந்து பேர் அடைந்துகொண்டால் அடிபட்டவனை எதில் ஏற்றுவது? அதனால் ஒரு சட்டம் போட்டேன். மாட்டிக்கொண்டவனுக்கு நெருங்கிய உறவுக்காரன் இறங்கக் கூடாது. கேஜ் ஏறவும் இறங்கவும் அடிக்கும் மணிக் கயிற்றை ஒருவன்தான் தொடவேண்டும், அவன் இடத்தை விட்டு அசையக் கூடாது. அந்த ஒருவன் நான். மீறியவர்களைக் கண்டபடி திட்டியிருக்கிறேன்.

ஒரு நாள் மத்தியான ஷிப்டில், சரிந்த கல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவன் என் தம்பி.

இறங்கிவிடத்தான் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் சட்டம் போட்ட வாய் என்னுடையது. நிதானமான ஆறு பேரைப் பொறுக்கி ஏற்றிவிட்டுக் கயிற்றை இழுத்தேன். நான் இழுத்தால் இன்ஜின் ஓட்டுகிறவருக்கும் கேட்கும், கீழே ஆட்கள் வேலை செய்யும் லெவலிலும் கேட்கும். கேஜ் முட்டுக் கொடுக்கும் மரக்கட்டையோடு இறங்கியது, கல்லோடு ஏறியது. ஒவ்வொரு தடவையும் மணி அடித்தேன்.

தம்பி பெண்சாதி ஓடிவந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷமாக என் எதிரில் நின்று பேசாதவள்.

"மாமா, உங்க கூடப் பொறந்தவரு உள்ள கீறாரு. நீங்க இன்னா, கயிறப் புடிச்சிக்கினு நிக்கிறீங்க?" என்று கத்தினாள்.

அடுத்த கேஜுக்கு மணி அடித்தேன்.

பொழுது சாய்வதற்குள் தம்பியைக் கொண்டுவந்துவிட்டார்கள். கால் முறிந்திருந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை. படுத்தபடியே அவளிடம் சொன்னான்:

"இருட்டுல ஒண்ணும் தெரியல. மணி மட்டும் பதறாம வந்துக்கினே இருந்திச்சி. அண்ணன் மேல நிக்குதுன்னு தெரிஞ்சிக்கினேன். அப்புறம் இன்னா பயம்? தூக்கமே வந்திடிச்சி."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நான் அதை மறைக்கவும் இல்லை.

மறுநாள் சாப்பிட உட்கார்ந்தேன். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. கயிற்றை எவ்வளவு இறுக்கியிருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. சூடான களியில் விரலை வைக்க முடியவில்லை. தம்பி பெண்சாதி எட்டிப் பார்த்தாள். தட்டை எடுத்துப் போய், களியைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி, ஆறவைத்து, என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.