கடைசி ஊருக்குப் போகும் காய்

வேனின் பின்கதவைத் திறந்ததும் அடித்த வாடையில் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் ஓட்டியும் அது மட்டும் பழகவில்லை. நசுங்கிய தக்காளியின் சாறு கூடைக்குக் கூடை வடிந்து, கீரைக்கட்டுக்கு அடியில் கொழகொழவென்று தேங்கியிருந்தது.

ஊர் அவளை வேன்காரி என்றுதான் கூப்பிட்டது. காய்க்கடை இல்லாத கிராமங்களுக்காக விடப்பட்ட வண்டி. பக்கவாட்டில் ‘பறித்த கையோடு உங்கள் வாசலில்’ என்று பச்சை எழுத்தில் எழுதியிருந்தார்கள். யார் கையோடு என்று எழுதவில்லை.

வண்டி முதலில் நிற்பது முக்குரோட்டில். அங்கேதான் வண்டியை நடத்தும் மேற்பார்வையாளரின் வீடு. அவர் வீட்டம்மாள் முதல் ஆளாக வந்து வெண்டைக்காயை ஒவ்வொன்றாக எடுத்து நுனியை ஒடிப்பாள். டக்கென்று ஒடிந்தால் பைக்குள், வளைந்தால் திரும்பவும் வண்டிக்குள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒடிப்பார்கள், தக்காளியை அமுக்குவார்கள், சுரைக்காயில் நகத்தைப் பதிப்பார்கள். ஒருத்தி மூக்கைச் சிந்திய கையோடு கீரையைப் புரட்டுவாள். மலையடியில் இருக்கும் கடைசி ஊருக்கு வண்டி போய்ச் சேரும்போது வெண்டைக்காய் எதற்கும் வால் இருக்காது. ஒடிந்த இடம் கறுத்துப் பிசுபிசுக்கும்.

அந்த ஊரில்தான் அவள் தங்கை வாழ்க்கைப்பட்டிருந்தாள். வயிற்றில் பிள்ளை. உடம்பில் ரத்தமே இல்லை, காயும் கீரையும் நிறையச் சாப்பிடு என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். தங்கை சாப்பிட்டது பாக்கெட் பிஸ்கட்.

“இதை நீ திம்பியாக்கா?” என்று ஒரு வெண்டைக்காயைத் தூக்கிக் காட்டினாள் தங்கை. “ஊரே எச்சி பண்ணினதைத்தான் எங்களுக்குக் கொண்டுவருவியா?”

தங்கை மட்டுமல்ல, அந்த ஊரில் எல்லாருமே வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

“அவங்களுக்குக் காய் திங்கிற பழக்கமே இல்ல போலம்மா,” என்றார் மேற்பார்வையாளர், பல்லைக் குத்திக்கொண்டே. “அடுத்த மாசத்துலேருந்து அங்க வண்டி வேணாம்.” குச்சியில் வந்ததை உற்றுப் பார்த்துவிட்டு மறுபடியும் அதை வாயில் வைத்துக்கொண்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் முக்குரோட்டில் அவள் நிற்கவில்லை. நேரே கடைசி ஊருக்கு விட்டாள்.

ஹாரன் அடித்தாள். ஒரு நாய் வந்து டயரை நனைத்துவிட்டுப் போனது. வேறு யாரும் வரவில்லை.

“என்ன வேன்காரி, குப்பை கொட்ட இன்னிக்குச் சீக்கிரமே வந்துட்டியா?” என்று ஒரு ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“கொட்டத்தான் வந்தேன். வந்து பாத்துட்டுத் திட்டுங்க.”

தங்கைதான் முதலில் வந்தாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெல்ல. கையில் எடுத்த வெண்டைக்காய்க்கு வால் இருந்தது. ஒடித்தாள். அந்தச் சத்தத்துக்கே இரண்டு கதவுகள் திறந்தன. அப்புறம் ஊரே முண்டியடித்தது. இவர்களும் ஒடித்தார்கள், அமுக்கினார்கள், நகம் பதித்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் தங்கையின் பையில் கீரை நிமிர்ந்து நின்றது.

வெயில் ஏறிய பிறகு முக்குரோட்டுக்கு வந்தாள். வீட்டம்மாள் கூடையில் கையை விட்டதுமே உதறினாள்.

“சீ! என்னடி இது? யார் கை பட்டதோ! இதை மனுஷன் திம்பானா?”

“தினமும் நீங்க வச்சுட்டுப் போறதுதாம்மா இது. அங்க மனுஷங்கதான் இருக்காங்க.”

மேற்பார்வையாளர் வாசலுக்கு வந்தார். “அவங்க இதுக்குப் பழகினவங்கம்மா. நாளைக்கு முதல்ல இங்கதான் நிக்கணும். இல்லன்னா சாவியை வச்சுட்டுப் போ.”

சாவியை அவர் முகத்தில் விட்டெறியலாம் போலிருந்தது. எறிந்தால் அவளுக்கு நிம்மதி, தங்கைக்கு மறுபடியும் பிஸ்கட். “சரிங்க சார்,” என்றாள். அந்தச் ‘சரி’ நாக்கில் கசந்தது.

விடிந்ததும் கடைசி ஊருக்குத்தான் போனாள். பெண்கள் பைகளோடு ரோட்டுக்கே வந்து நின்றிருந்தார்கள். ஸ்டியரிங் பக்கத்தில் கிடந்த போன் விடாமல் அடித்தது.

“யாருக்கா அது? எடேன்,” என்றாள் தங்கை.

“சார்தான். வீட்டம்மா ரோட்டுல நிக்கிறாங்க போல. நிக்கட்டும். நீ நல்லதா பாத்து எடு.”