இறுகியதாக நடித்த நட்டு

காலை ஐந்தே முக்கால்; மலைக்கோட்டை உச்சியில் மட்டும் ஒரு துண்டு மேகம், காற்று அசையவில்லை. எண்பதுகளில் வந்த அந்த விடியலுக்காகத்தான் ஓராண்டு உழைத்திருந்தோம். விமானம் கட்டுகிறவர்கள் வானத்தைப் பற்றி நினைப்பதே இல்லை. போல்ட்டுக்கும் துளைக்கும் சமாதானம் பேசுவதிலேயே பொழுது போய்விடும். தையல் இயந்திரத்தைப் பிரித்து மாட்டிய பின் ஒரு திருகு மிஞ்சக் கண்டு திகைத்தவர்களே, உங்களுக்கு இது புரியும்.

ராவிய போல்ட்டு

ஒருவர் மட்டுமே அமரக்கூடிய அந்த விமானத்தைப் பாகம் பாகமாகப் பெட்டிகளில் அடைத்து, வெளிநாட்டிலிருந்து கொழுந்தனார் கப்பலில் அனுப்பியிருந்தார். ஓட்டப்போவது என் கணவர். இயற்பியல் ஆசிரியையான நான் அளவுகளைச் சரிபார்ப்பேன். கைவேலைக்குப் பூட்டுப் பட்டறை சவரிமுத்து அண்ணன் வந்தார்.

இடப்பக்க இறக்கையின் துளைக்குள் போல்ட்டு நுழைய மறுத்தது. நான் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள், பூட்டுக்குச் சாவி ராவுவதைப் போல, அண்ணன் அதை அரத்தால் ராவி உள்ளே இறக்கியிருந்தார். முகமெல்லாம் பெருமை.

"பக்கத்து ஓட்டையில போட்டுப் பாருங்க டீச்சர், லொடலொடங்கும்! சாவின்னா தன் பூட்டுக்கு மட்டுந்தான சேரணும்?"

மஞ்சள் பெயிண்ட்

போல்ட்டை உருவிவிட்டு, குச்சியில் துணியைச் சுற்றித் துளைக்குள் விட்டுத் திருகினேன். மஞ்சள் பெயிண்ட் உதிர்ந்தது. அடைத்திருந்தது அவ்வளவுதான். ராவாத போல்ட்டு ஒன்று கட்டைவிரல் அழுத்தத்திலேயே வழுக்கிக்கொண்டு போயிற்று. அதுவோ வலப்பக்கத்துக்கு உரியது, உபரி கிடையாது.

"மயிரிழைதானே தேஞ்சிருக்கு?" என்றார் என் கணவர். அந்த மயிரிழையில் தொங்கப்போவது அவர்தான் என்பதால் நான் இசையவில்லை. மாற்றுப் போல்ட்டு கேட்டுக் கொழுந்தனாருக்கு எழுதினோம். அண்ணன் அரத்தைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தார்.

"சட்ட சின்னதுன்னு ஒடம்பச் செதுக்கிட்டேனே, டீச்சர்!"

நகம் சொன்னது

மாற்று வந்தது, மாட்டினோம். நட்டு இறுகியது. அறுவடை முடிந்து பொட்டலாகக் கிடந்த தாடிக்கொம்புச் சாலை வயலில், நான் முதலில் சொன்ன அந்த விடியலில், என் கணவர் ஏறி அமர்ந்தார். சுற்றிலும் கூட்டம். கடைசியாக ஒருமுறை ஒவ்வொரு நட்டையும் தொட்டு வந்தேன். இடப்பக்க நட்டு அசையவில்லை. ஆனால் அதனடியிலிருந்த வாஷரை நகத்தால் தள்ளியதும் அது சுழன்றது.

போல்ட்டு சற்றே நீளம். அதன் திருகுமரை முடியும் இடத்தில் முட்டி நின்ற நட்டு, இறுகியதாக நடித்ததே தவிர, இறக்கையைப் பிடிக்கவே இல்லை. இன்னொரு வாஷர் போட்டால் தீரும். அது வீட்டில் இருந்தது.

"போயி வாரதுக்குள்ள காத்து கெளம்பிரும். ஒரு சுத்துதானே?"

"எறங்குங்க."

"ஊரே பாக்குது."

"பாக்கட்டும். எறங்குங்க."

இறங்கினார். என் பக்கம் திரும்பாமல் விமானத்தை ஓரமாகத் தள்ளினார். பூப்பறிக்கப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள் கூடையோடு நின்று கேட்டார்:

"ஏன் ஆத்தா, புருசன ஏத்தி ஒக்காரவச்சுட்டு எறக்குறியே, வீட்டுல சண்டையா?"

மறுநாள் காலை

சவரிமுத்து அண்ணன் கூடுதல் வாஷரைப் போட்டு நட்டை இறுக்கினார். அரத்தைக் கொண்டுவரவில்லை என்று இரு கைகளையும் விரித்துக் காட்டினார். பூக்கார அம்மாள் கூடையை வரப்பில் வைத்துவிட்டு அண்ணாந்து நின்றார். என் கணவர் வாஷரைத் தம் நகத்தால் ஒருமுறை தள்ளிப் பார்த்து, என்னைப் பார்த்துச் சிரித்து, ஏறி அமர்ந்தார்; பனை உயரத்துக்கு மேலே எழும்பிப் பொட்டலை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினார்.

அவர் மலைக்கோட்டையையும் வயல்களையும் வானத்தையும் பார்த்துத் திரும்பிய அந்த நேரம் முழுவதும், ஓராண்டு விமானம் கட்டிய நான் பார்த்தது இடப்பக்க இறக்கையை மட்டுமே.