மன்னாரா, கம்பைநல்லூரா: ஊர் பார்க்கப் போன கதை

நாடு மாறிக் குடியேற நினைப்பவர்கள் அவ்வப்போது என்னிடம் கேட்கிறார்கள்: "வாழ்றதுக்கு எது நல்லது, இலங்கையா இந்தியாவா?" இரண்டு நாட்டிலும் அடுப்பூதியவள் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன்.

1969 மே மாதம் போன பயணம் இது. என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர். இலங்கையில், மன்னாரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். நான் மன்னாரிலேயே பிறந்து வளர்ந்தவள். அவருடைய தங்கும் அனுமதி அடுத்த வருடம் முடிகிறது, இனி நீட்டிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நானும் மூன்று வயது மகள் ரோசியும் அவரோடு போவதா, அவரை மட்டும் அனுப்பிவிட்டு மன்னாரில் இருந்துவிடுவதா? "வந்து ஊரப் பாரு, அப்புறம் சொல்லு" என்றார். அதற்கு மேல் கெஞ்ச அவருக்குத் தெரியாது.

தலைமன்னாரில் கப்பல் ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் ராமேசுவரம். சுங்கச் சோதனைதான் கடலைவிட நீளம். திருச்சி வரை ரயில், பிறகு பஸ்ஸில் சேலம். அங்கிருந்து மஞ்சவாடிக் கணவாய் வழியாக அரூருக்கு அறுபது கிலோமீட்டர் சொச்சம். அரூரில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்தால் கம்பைநல்லூர், அது ஒரு இருபத்தைந்து கிலோமீட்டர். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் கையில் குழந்தையோடு நான் ஓடி வருவதைப் பார்த்து கண்டக்டர் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். எங்கள் ஊர் பஸ் நேரத்துக்கு வரும், நேரத்துக்குப் போகும், யாருக்காகவும் நிற்காது.

தங்கியது என் வீட்டுக்காரரின் அக்கா வீட்டில். நான் அவரை எங்கள் வழக்கப்படி "மச்சாள்" என்று கூப்பிட, முதல் நாள் முழுக்கச் சிரித்தார். போன அன்றே என் ஒப்பிடும் புத்தி வேலையைத் தொடங்கிவிட்டது. மன்னாரில் வாரத்துக்கு ஒரு கொத்து, அதாவது ஏறக்குறைய ஒரு கிலோ அரிசி கூப்பனுக்கு இலவசம், காலையில் பாண் என்கிற ரொட்டி, கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி. இங்கே காலையில் கேழ்வரகுக் களி, குடிதண்ணீருக்கு ஊர்க் கிணறு. சரி, நம் ஊர்தான் ஜெயித்தது என்று நினைத்தேன். சாயங்காலம் தோட்டத்தில் பார்த்தால் கரண்டு மோட்டார் கிணற்றுத் தண்ணீரை வாரி இறைக்கிறது! மன்னாரில் எங்கள் வீட்டில் அப்போதும் மண்ணெண்ணெய் விளக்குதான். கொஞ்சம் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மதியம் ரோசிக்குக் காய்ச்சல் கொதித்தது. என் வீட்டுக்காரர் பிழைப்புக்கு வழி விசாரிக்க அரூர் போயிருந்தார். நான் குழந்தையைப் பாயில் விட்டுவிட்டு, கொல்லைப்புறத்தில் இருந்த அக்காவிடம் ஓடினேன்.

"மச்சாள், பிள்ளைக்குச் சரியான வருத்தம்!"

"கொழந்தைக்கு என்ன கண்ணு வருத்தம்? ஆராச்சும் வஞ்சாங்களா?" என்றவர், மடியிலிருந்து வெல்லக்கட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இதக் குடு, சிரிச்சிரும்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை சாகக் கிடக்கிறது, இந்த மனுஷி வெல்லம் தருகிறாள்! "கெதியா டாக்டரிட்டக் கொண்டு போகோணும்" என்று கத்தினேன். அவர் எழுந்து வந்து ரோசியைத் தொட்டவுடன் முகம் மாறிவிட்டது.

"அடியாத்தா, ஒடம்பு நெருப்பாட்டம் இருக்குது! ஒடம்புக்கு முடியலன்னு சொல்றதுக்கென்ன!"

எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய். அவர்களுக்கு அது மனக்கஷ்டம். ஒரே தமிழ்தான், இருந்தும் என் பிள்ளைக்கு ஐந்து நிமிஷம் வீணானது.

அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அக்கா செருப்பில்லாமல் சந்தைப் பக்கம் ஓடினார். அங்கே புளி வியாபாரி பாய் ஒருவர் வேனில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், ஏற்றிய மூட்டைகளை இறக்கச் சொன்னார். "புளி எங்கயும் ஓடிராதுங்க. நீங்க ஏறுங்கம்மா." வழியெல்லாம் அக்கா ஈரத்துணியைப் பிள்ளையின் நெற்றியில் மாற்றிப் போட்டுக்கொண்டு, மாதாவிடம் சத்தம்போட்டுச் சண்டை பிடித்தார். ரோசிக்குக் கண் சொருகியபோது நானும் சேர்ந்துகொண்டேன்.

அரூர் பெரியாஸ்பத்திரியிலும் வைத்தியம் இலவசம்தான். ஊசி போட்டார்கள். பொழுது சாயும்போது ரோசி கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். சேதி கேட்டு ஓடிவந்த என் வீட்டுக்காரர் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டே இருந்தார்.

இதே நினைப்போடு ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அரிசி விலையும் கரண்டும் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் எத்தனை தூரம், அங்கே கொண்டுபோக யார் வருவார்கள், இந்த இரண்டையும் கட்டாயம் கேளுங்கள். மன்னாரில் முதலாவது நன்றாக இருந்தது. கம்பைநல்லூரில் இரண்டாவது. இன்னொன்று, மே மாதத்தில் சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். நம் தமிழை நம்பி மெத்தனமாகவும் இருக்காதீர்கள்.

நான் என்ன முடிவு சொன்னேன் என்று கேட்பீர்கள். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரிடம் சொன்னேன்: "கம்பைநல்லூருக்கு நான் வரமாட்டன்." அவர் தலையாட்டினார். முகம் செத்துப்போயிருந்தது. "முழுக்கக் கேளுங்கோ. அரூரில வீடு பாருங்கோ. இந்த ஆஸ்பத்திரிக்கு நடந்து வாற தூரத்தில. மச்சாள் வந்தா தங்க ஒரு அறை வேணும்."

 "காப்பி வாங்கியாரேன்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார். ஒரு மணி நேரம் ஆளைக் காணவில்லை. திரும்பி வந்தபோது கையில் காப்பி இல்லை, ஒரு சாவி இருந்தது. "ரெண்டு தெரு தள்ளித்தான் வூடு. அட்வான்ஸ் குடுத்துட்டேன்" என்றார். நாங்கள் குடிவர இன்னும் ஒரு வருடம் இருந்தது.