ஜெல்லிக்குள் ஆள் இருக்கா?

அறுவை செய்து எடுத்த குடல்வாலின் நீளம் எட்டு சென்டிமீட்டர். கட்டைவிரல் கனத்துக்கு வீங்கி, உள்ளே சளி போல ஜெல்லி. திசுக்களைச் சோதித்து நோயைச் சொல்லும் டாக்டரம்மா அதை வட்ட வட்டமாக நறுக்குகிறார். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்கிறார். துடைக்காவிட்டால் ஜெல்லி கத்தியோடு வந்து வெளிப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். கட்டி வெடித்துப் பரவிவிட்டது என்று ஸ்லைடு பொய் சொல்லும்.

"ஸ்லைடுக்கு நாலு துண்டு வச்சாப் போதாதா மேடம்?" என்பார் லேப் டெக்னீஷியன்.

"நாலு ரூமை மட்டும் பாத்துட்டு வீட்டுல திருடன் இல்லன்னு சொல்லுவீங்களா? எல்லாத்தையும் வைங்க."

டாக்டரம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. நோயாளியின் முகத்தைப் பார்க்கிற வேலை இல்லை, துண்டுகளோடுதான் பேச்சு. "வாடா ராசா, மூஞ்சியக் காட்டு" என்று நுண்ணோக்கிக்குள் கொஞ்சுவார். மெதுவாக வளரும் செல்லுக்கு 'அசமந்தம்', வெறிகொண்டு பரவுவதற்கு 'ரவுடி' என்று பெயர் வைத்திருக்கிறார். முறையான பெயர் அறிக்கையில் மட்டும்தான்.

இன்று வந்தது அசமந்தம். ஆனால் ஒரு ஸ்லைடில், குடல்வாலின் வெளிப்பக்கமும் ஜெல்லி. அதற்குள் அறுவை மருத்துவரின் போன்.

"அக்கா, அந்த ஜெல்லிக்குள்ள ஆள் இருக்கா இல்லையா? இருந்தா பெரிய ஆபரேஷன். வியாழக்கிழமை தியேட்டர் புடிச்சு வச்சிருக்கேன். கைக்குழந்தைக்காரி, அழுதுட்டே இருக்கா."

"தியேட்டர் எங்கயும் ஓடிடாது தம்பி. அது தானா வந்துச்சா, என் கத்தி கொண்டாந்துச்சான்னே இன்னும் தெரியல. போனை வை."

அதே துண்டை இன்னும் ஆழமாகச் சீவச் சொன்னார். புதிய ஸ்லைடில் ஜெல்லி மேலாக ஒட்டியிருக்கவில்லை. திசுவுக்குள் புதைந்திருந்தது, சுற்றிலும் மெல்லிய ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தன. கத்தியால் இது ஆகாது.

"தானா வந்ததுதான்" என்றார் டெக்னீஷியனிடம். குரல் இறங்கிவிட்டது.

இனி அதற்குள் கட்டியின் செல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மூலை முடுக்கெல்லாம் துழாவினார். மறுபடி சீவச் சொல்லித் துழாவினார். பக்கத்து அறை டாக்டரையும் இழுத்து வந்து உட்காரவைத்தார். வெறும் ஜெல்லி. அறுவை மருத்துவருக்குப் போன் போட்டார்.

"தம்பி, வெளிய வந்திருக்கு. ஆனா காலி வீடு. ஒருத்தனும் இல்ல."

"அப்போ ஆபரேஷன்?"

"வேணாம். கண்காணிச்சாப் போதும். புள்ளையத் தூக்கிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லு."

"இனிமே வரவே வராதா அக்கா?"

"அப்படிச் சொல்லிடாதே. வர்றது ரொம்ப அபூர்வம்னு சொல்லு."

போனை வைத்துவிட்டு, மேசை நாட்காட்டியில் ஆறு மாதத் தாள்களைப் புரட்டினார். ஒரு தேதியை வட்டமிட்டார். அன்று அந்தப் பெண்ணுக்கு முதல் கண்காணிப்பு ஸ்கேன்.