கதவைத் தொடாமல் கதவைச் சரிசெய்தவர்

போன வாரம், ஓடாத காருக்குள் என் கணவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொன்னவர் டாக்டர் இல்லை. கார்களுக்குத் தகர வேலை செய்யும் சேவியர்.

எங்களிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருப்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இன்னுமா அதை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். இரண்டு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து என் கணவருக்கு வலது கையும் காலும் தளர்ந்துபோயின. பேச்சும் குறைந்துவிட்டது. புதிய கார்களுக்குள் குனிந்து மடங்கி ஏற அவரால் முடியாது. இதில் மட்டும் நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்துவிடுவார். வாரம் இரண்டு நாள் காரக்கோணத்தில் பிசியோதெரபி. நான்தான் டிரைவர்.

தொல்லை, அவர் பக்கத்துக் கதவு. மேல் விளிம்பு உரசும். கீழே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அவர் இடது கையால் இழுத்தால் பூட்டு பிடிக்காது. நான் சுற்றி வந்து ஓங்கி அறைய வேண்டும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் கதவு விளிம்பைத் தட்டினார்கள். இன்னொன்றில் அரத்தால் ராவினார்கள், பூட்டை நகர்த்தினார்கள். ஒரு வாரம் சரியாக இருக்கும்... பிறகு பழையபடிதான்.

அப்புறம் ஒரு நாள், அமரவிளை தாண்டி ஒரு வளைவில் கதவு தானாகத் திறந்துகொண்டது. அந்தக் காலத்து வண்டி, சீட் பெல்ட் கிடையாது. (இப்போது போட்டாயிற்று.) ஒரு கையால் அவர் சட்டையைப் பற்றிக்கொண்டு பிரேக்கை மிதித்தேன். சட்டையில் இரண்டு பட்டன் போனதோடு சரி.

ஆனால் அதன் பிறகு அவர் காரில் ஏறவில்லை. “வேண்டாம்” என்ற ஒரே வார்த்தை. இரண்டு மாதம் பயிற்சி நின்றது. தூக்கி வைக்கத் தொடங்கியிருந்த கால் மறுபடி தரையில் இழுபட ஆரம்பித்தது. அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

விசாரித்துத்தான் சேவியரிடம் போனேன். கோட்டுகால் கடற்கரைக்காரர். முன்பு பிளைவுட்டில் மீன்பிடி வள்ளம் கட்டிக்கொண்டிருந்தவர். இப்போது அமரவிளையில் ஒர்க்‌ஷாப்.

அவர் கதவைத் தொடவே இல்லை. காரின் அடியில் நடுவாக ஜாக்கி வைத்து மெல்ல ஏற்றினார்.

“டீச்சர், கதவுக்க இடைவெளிய மட்டும் பாத்துக்கிட்டு நில்லுங்க.”

பார்த்தேன். மேலே முட்டிக்கொண்டிருந்தது விலகியது. கீழே பிளந்திருந்தது சேர்ந்துகொண்டது. யாரும் கைவைக்காமலே கதவு தன் இடத்தில் போய் நின்றது.

“கதவுக்கு ஒரு குறையும் இல்ல. அது நிக்குற வீடாக்கும் இறங்கிக் கிடக்குது,” என்றார். காருக்குள் தரை விரிப்பைத் தூக்கி, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புப் பெட்டியில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினார். பப்படத்தில் குத்தியதுபோல உள்ளே போனது. எல்லாம் துரு.

ஜாக்கியால் தாங்கி நிறுத்தி, துருப்பிடித்ததை வெட்டியெறிந்து, புதுத் தகடு வைத்து வெல்டு செய்ய இரண்டு வாரம் ஆனது. பிறகு பின்கதவை முதலில் பொருத்தினார். அதற்கு ஒப்பாக முன்கதவை. அளவுகோல்? ஒரு மரச்சீவல். எல்லா இடைவெளியிலும் அது ஒரேபோல நுழைந்து வர வேண்டும்.

வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். போன வாரம் வண்டியை எங்கள் வீட்டு முற்றத்துக்கே கொண்டுவந்து, சார் உள்ளே உட்கார வேண்டும் என்றார். இவர் திண்ணமாகத் தலையை ஆட்டி மறுத்தார். சேவியர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு அவரிடம் போனார்.

“சார், வண்டி அனங்காது, நின்ன இடத்துலயே நிக்கும். ஆளில்லாம ஒப்பிச்சு வச்ச கதவு, ஆளேறினா மாறும். வள்ளமும் அப்படியாக்கும். யாருக்க கதவோ, அவரு இருந்து பாக்கணும்.”

என்ன தோன்றியதோ, இவர் மெல்ல நடந்துபோய் ஏறி உட்கார்ந்தார்.

சேவியர் பூட்டின் திருகைத் தளர்த்துவார், மயிரிழை நகர்த்துவார், முடுக்குவார். போதுமா என்று என்னிடம் அல்ல, இவரிடம் கேட்பார். இவர் இடது கையால் கதவை இழுத்துப் பார்ப்பார். “இன்னும் கொஞ்சம்,” என்றார் ஒருமுறை. நான் நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு மாதத்தில் ‘வேண்டாம்’ தவிர அவர் சொன்ன வேறு வார்த்தை! எட்டோ ஒன்பதோ தடவை அப்படி நகர்த்துவதும் இழுத்துப் பார்ப்பதுமாகப் போனது. கடைசியில் இழுத்தார் — டக். உரசல் இல்லை, அறைதல் இல்லை. திறந்தார். மறுபடி மூடினார். டக்.

கதவு மூடவில்லை என்றால் நாம் எல்லோரும் கதவைத்தானே அடிக்கிறோம்? முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் நானும் எத்தனை கதவுகளை ராவியிருப்பேனோ...

அன்றே காரக்கோணத்துக்குக் கிளம்பினோம். முதல் டீக்கடையில் நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். இறங்கினார், குடித்தார், ஏறினார், கதவைத் தானே மூடிக்கொண்டார். அடுத்த கடையிலும் நிறுத்தச் சொன்னார்.

போய்ச் சேர்வதற்குள் நாலு டீ!